வாக்குப்பெட்டியை இழந்த நகர மன்றங்கள்



மக்களாட்சியின் வரலாற்றைக் கற்பிக்கும்போது நாம் உத்திரமேரூரைத் தவறாமல் நினைவுகூர்கிறோம். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்திலிருந்து எடுக்கப்பட்டன. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கு மட்டுமே உரியதாக இருந்த அம்முறையை இன்றைய பொருளில் மக்களாட்சி என்று கூற இயலாது. எனினும் அதிலுள்ள ஒரு விதி எக்காலத்துக்கும் பொருந்தும். வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வர முடியாது. ஊர்ப்பணத்தைக் கையாள்பவர் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே அவ்விதியின் உட்பொருள்.

இப்பாடம் முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாழும் ஒரு மாணவன், "நம் ஊர் மன்ற உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்?" என்று கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? மக்கள் எவரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே உண்மையான விடை. ஆனால் இந்நாட்டில் மக்களாட்சி அடியெடுத்து வைத்ததே நகர மன்றத் தேர்தலில்தான் என்பதை நம்முள் பலர் அறிவதில்லை.

நகரத்தில் தொடங்கிய பயணம்

மலாயாவின் முதல் தேர்தல் 1951 டிசம்பர் 1ஆம் நாள் பினாங்கின் ஜோர்ஜ் டவுன் நகராண்மைக் கழகத்துக்கு நடைபெற்றது. அடுத்து, 1952 பிப்ரவரி 16ஆம் நாள் கோலாலம்பூர் வாக்களித்தது. செந்தூல், இம்பி, பங்சார், பெட்டாலிங் ஆகிய நான்கு வட்டாரங்களுக்கு மொத்தம் 12 இடங்கள். குடியுரிமை வரையறைகளால் வாக்காளர் பட்டியல் சிறியதாகவே இருந்தது. ஆயினும் அச்சிறிய தேர்தல் நாட்டின் அரசியல் போக்கையே மாற்றியது.

அப்போது டத்தோ ஓன் ஜாபார் எல்லா இனத்தவரையும் ஒரே கட்சியில் சேர்க்க விரும்பி, 1951இல் மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியிருந்தார். ம.இ.கா. அக்கட்சியை ஆதரித்தது. அதை எதிர்கொள்ளக் கோலாலம்பூர் அம்னோவின் டத்தோ யாஹ்யாவும் சிலாங்கூர் ம.சீ.ச.வின் எச்.எஸ். லீயும் ஓர் உள்ளூர் உடன்பாடு செய்துகொண்டனர். வட்டாரத்துக்கு வட்டாரம் இடங்களைப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் வேட்பாளரை மற்றவர் ஆதரிப்பது என்பதே அவ்வுடன்பாடு. அம்னோ - ம.சீ.ச. அணி 9 இடங்களை வென்றது. சுதந்திரக் கட்சிக்கு இரண்டே இடங்கள் கிடைத்தன. அந்த உடன்பாடே பின்னர் கூட்டணிக் கட்சியாக வளர்ந்தது. 1954இல் ம.இ.கா.வும் அதில் இணைந்தது. 1955 ஜூலை 27ஆம் நாள் நடந்த முதல் கூட்டரசுத் தேர்தலில் 52 இடங்களில் 51 கூட்டணிக்குக் கிடைத்தன.

இனவாரியான கட்சிகள் தனித்தனியே இருந்துகொண்டு, தேர்தலில் மட்டும் கைகோக்கும் நம் நாட்டு அரசியல் முறை எந்த நூலிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. பல இனத்தவர் வாழும் நகர வட்டாரத்தில் பெரும்பான்மை பெற என்ன வழி என்ற நடைமுறைக் கேள்விக்குக் கிடைத்த விடை அது. ஓர் அமைப்பு எப்படிக் கட்டப்படுகிறதோ அப்படியே அதனுள் நடைபெறும் அரசியலும் உருவாகிறது.

அதே 1952 தேர்தலில் சுதந்திரக் கட்சியின் சார்பில் பங்சார் வட்டாரத்தில் வென்றவர் திருமதி தேவகி கிருஷ்ணன். மலாயாவில் தேர்தலில் வென்ற முதல் பெண்மணி அவரே. பினாங்கில், ஜோர்ஜ் டவுன் 1957இல் மாநகரமானபோது அதன் முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன், அவர் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். மக்கள்தொகையில் சிறுபான்மையினரான நம்மவரும் வாக்கின் வழியே நகர மன்றத்தில் இடம்பெற முடிந்தது என்பதற்கு இவ்விருவரும் சான்று.

தோட்ட எல்லைக்கு வெளியே நின்ற மன்றம்

இவ்வரலாற்றில் நாம் பெருமைப்பட இயலாத பக்கமும் உண்டு. அன்றைய தமிழரில் பெரும்பகுதியினர் தோட்டங்களில் வாழ்ந்தனர். தோட்டமோ தனியார் நிலம். ஊராட்சி மன்றங்களின் எல்லை பெரும்பாலும் நகரங்களோடும் புதுக்கிராமங்களோடும் நின்றுவிட்டது. தோட்டத்தில் குடிநீர், கால்வாய், வீடு எதுவாயினும் நிர்வாகத்திடமே முறையிட வேண்டும். நாடாளுமன்றத்துக்கு வாக்களித்த தோட்டத் தொழிலாளி, தன் வீட்டு வாசலில் தேங்கும் நீருக்காக வாக்களிக்கும் வாய்ப்பைப் பெறவில்லை.

1970களுக்குப் பின்னர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மேம்பாட்டுக்கு விடப்பட, அம்மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அதற்குள் நகரத் தேர்தல்கள் மறைந்துவிட்டன. தோட்டத்தில் இருந்தபோது மன்றம் இல்லை. நகருக்கு வந்தபோது தேர்தல் இல்லை. நம் சமுதாயத்தின் பெரும்பகுதி உள்ளூர் மக்களாட்சியை ஒரு நாளும் நேரில் கண்டதில்லை. சிறு சிக்கலுக்கும் ஒரு தலைவரைத் தேடிச் சென்று மனுக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே ஏன் வேரூன்றியது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருதுகிறேன்.

தற்காலிகம் நிரந்தரமான கதை

கோலாலம்பூர் முதலில் தன் உரிமையை இழந்தது. 1960ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்படி, 1961இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கலைக்கப்பட்டு, ஆணையர் ஒருவரின் கீழ் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. பிற ஊர்களில் 1965 மார்ச் மாதம், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி, அவசரகால விதிகளின் கீழ்த் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் அவை நடத்தப்படும் எனப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் நாடாளுமன்றத்தில் உறுதியளித்தார். 1966இல் மோதல் முடிவுற்றது. தேர்தல் திரும்பவில்லை.

ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய 1965இல் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ம.இ.கா.வைச் சேர்ந்த அவரது ஆணையம் 1968இல் அறிக்கை அளித்தது. சில மன்றங்களில் குறைகள் இருப்பினும் அவை திருத்தப்பட வேண்டுமேயன்றி, மக்கள் தேர்ந்தெடுக்கும் முறை கைவிடப்படலாகாது என்பதே அதன் பரிந்துரையின் சாரம். அறிக்கை 1971இல் வெளியிடப்பட்டபோது, மே 13 கலவரம் நாட்டின் மனநிலையையே மாற்றியிருந்தது. அரசாங்கம் தேர்தல் பரிந்துரையை ஏற்கவில்லை.

பின்னர் வந்த 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு உள்ளூர்த் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 10ஆம் பிரிவின்படி, மன்றத் தலைவரையும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது. 1974 பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானதும், தலைநகர மக்கள் சட்டமன்ற வாக்கையும் இழந்தனர். இன்று கிள்ளான்வாசிக்கு நாடாளுமன்றம், சட்டமன்றம் என இரு வாக்குகள். பிரிக்பீல்ட்ஸ்வாசிக்கு ஒரே வாக்கு. அவருடைய தெருவையும் கடை உரிமத்தையும் கவனிக்கும் டத்தோ பண்டாரோ நியமிக்கப்படுபவர்.

எதிர்வாதமும் ஓர் ஒப்பீடும்

உள்ளூர்த் தேர்தல் இனப்பிளவை ஆழமாக்கும் என்ற அச்சம் தொடர்ந்து முன்வைக்கப்படுகிறது. 2018இல் பிரதமர் மகாதீரும் இதையே காரணமாகக் கூறினார். நியமன முறையில் இந்தியருக்கு உறுதியாகச் சில இடங்கள் கிடைக்கின்றன என்ற வாதமும் உண்டு. இவ்வாதங்களைப் புறந்தள்ள இயலாது. ஆனால் நியமனம் பெற்றவர் தம்மை நியமித்த கட்சிக்கே முதலில் பதில் சொல்வார். இனங்களிடையே உடன்பாடு காணும் பழக்கம் 1952இல் கோலாலம்பூர்த் தேர்தல் களத்திலேயே பிறந்தது என்பதையும் மறத்தலாகாது.

தமிழ்நாட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே 2016இல் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் தொடங்கியது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்தது. ஆனால் 1993இல் நடப்புக்கு வந்த அரசமைப்புத் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியிருந்தமையால், வழக்குத் தொடுக்க மக்களுக்கு வழி இருந்தது. இங்கே பினாங்கு மாநிலம் 2012இல் உள்ளூர்த் தேர்தலுக்குச் சட்டம் இயற்றியது; 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அங்கே சட்டம் தேர்தலுக்குக் காவலாக நின்றது. இங்கே சட்டமே வாயிலை அடைத்தது.

நம் கடமை

1835இல் அமெரிக்க மக்களாட்சியைப் பற்றி நூல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் டோக்வில், ஊர் மன்றங்களைத் தொடக்கப்பள்ளிக்கு ஒப்பிட்டார். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகிய நமக்கு அதன் பொருள் எளிதில் விளங்கும். முதலாம் ஆண்டில் எழுத்தறியாத பிள்ளையை ஆறாம் ஆண்டில் கட்டுரை எழுதச் சொல்ல முடியுமா? தெருவிளக்கைப் பற்றித் தீர்மானிக்கும் பயிற்சி இல்லாத குடிமக்கள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

சட்டத்தை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஆயினும் மாணவர்களுக்கு இவ்வரலாற்றைக் கூறலாம். நம் பகுதி மன்ற உறுப்பினர் யார், அவரை நியமித்தது யார் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளோடு சேர்ந்து அறிந்துகொள்ளலாம். நாம் செலுத்தும் மதிப்பீட்டு வரி எதற்குச் செலவாகிறது என்று எழுத்து மூலம் கேட்கலாம். நம் கையிலேயே இருக்கும் தேர்தல்களான பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆலய நிர்வாகம், பொது அமைப்புகள் ஆகியவற்றில் ஆண்டுக் கூட்டத்துக்குச் சென்று, கணக்கைக் கேட்டு, வாக்களிக்கலாம். கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் பொறுப்பில்லை என்ற உத்திரமேரூர் விதியை நடைமுறைப்படுத்த அங்கே எந்தச் சட்டமும் நம்மைத் தடுக்கவில்லை.

சிந்திப்போம், செயற்படுவோம்.