நியாயப் போர்க் கோட்பாடு

எந்தக் காரணத்துக்காகப் போர் தொடுக்கலாம், தொடுத்தபின் எவற்றைச் செய்யலாகாது என்று வரையறுக்க முயலும் சிந்தனை மரபு நியாயப் போர்க் கோட்பாடு. எந்தப் போரும் கூடாது என்பது அமைதிவாதம். போர் என்று வந்துவிட்டால் நியாயம் பேச இடமில்லை என்பது அதற்கு நேர் எதிர்நிலை. இக்கோட்பாடு இரண்டையும் ஏற்காமல் இரு கேள்விகளை எழுப்புகிறது: காரணம் சரியா, முறை சரியா? இரண்டுக்கும் அடியில் மூன்றாவது கேள்வி ஒன்றும் இருக்கிறது: இதற்குத் தீர்ப்புச் சொல்வது யார்? அந்தத் தீர்ப்புரிமை பூசாரியிடமிருந்து அரசனுக்கும், அரசனிடமிருந்து நாடுகளின் அவைகளுக்கும் நீதிமன்றங்களுக்கும் கைமாறி வந்திருக்கிறது.

ஆசிய மரபுகள்

கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சீனச் சிந்தனையாளர் மோசி, ஒருவரைக் கொன்றவனைக் குற்றவாளி என்பவர்கள் அயல்நாட்டைச் சூறையாடியவனை மட்டும் வீரன் என்று புகழ்வதைச் சாடினார். அவருடைய சீடர்கள் பேச்சோடு நிற்கவில்லை. பெரிய அரசுகள் முற்றுகையிட்ட சிறு நகரங்களின் மதில்களைக் காத்துக் கொடுப்பதில் அவர்கள் பெயர் பெற்றார்கள்.

மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில், போர் தொடங்கும் முன்பே இரு தரப்பும் விதிகளுக்கு ஒப்புக்கொள்கின்றன. தேரில் இருப்பவன் தேரில் இருப்பவனோடு மட்டுமே பொர வேண்டும். ஆயுதம் இழந்தவனையும் புறங்காட்டியவனையும் தாக்கக் கூடாது. பீஷ்மர், துரோணர், கர்ணன், துரியோதனன் என ஒவ்வொருவராக வீழும்போது இந்த நெறிகள் மீறப்படுவதையும் காவியம் மறைக்கவில்லை.

சங்கப் பாடல்களிலும் இந்த இரட்டை நிலை உண்டு. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் புதல்வரைப் பெறாதோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுமாறு அறிவித்த பின்னரே அம்பு விடும் அறவழியைப் புறநானூற்றின் 9ஆம் பாட்டில் போற்றுகிறார். அதே புலவர், அதே மன்னனைப் பாடிய 15ஆம் பாட்டில், பகைவர் ஊர்த் தெருக்களைக் கழுதை பூட்டி உழுததும், விளைவயல்களைக் குதிரைகள் மிதிக்க விட்டதும், காவல் குளங்களை யானைகளால் கலக்கியதும் புகழாகவே வருகின்றன. எதிர்க்குரலும் இருந்தது. பகைவனான மலையமானின் சிறுவர்களை யானைக் காலில் இட முனைந்த சோழன் கிள்ளிவளவனைப் புலவர் கோவூர் கிழார் பாடித் தடுத்தார்.

வென்றவனே தன் போரைக் குற்றமாக எண்ணி வருந்திய அரிய சான்று அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு. கலிங்கத்தில் 1 லட்சம் பேர் கொல்லப்பட்டதாகவும் 1.5 லட்சம் பேர் நாடுகடத்தப்பட்டதாகவும் அது கூறுகிறது. ஆனால் கலிங்கத்துக்கு விடுதலை தரப்படவில்லை. அந்தக் கல்வெட்டு கலிங்க மண்ணில் பொறிக்கப்படவும் இல்லை. தௌலியிலும் ஜௌகடாவிலும் அதன் இடத்தில் வேறு ஆணைகளே உள்ளன.

ரோமும் திருச்சபையும்

பழைய ரோமில் போரை முறைப்படுத்தியது சடங்கு. பீட்டியல் எனப்பட்ட பூசாரிகள் எதிரியின் எல்லைக்குப் போய் ஈடு கேட்பார்கள். கிடைக்காவிட்டால் எல்லைக்கு அப்பால் ஈட்டி எறிந்து போரை அறிவிப்பார்கள். எதிரிகள் கடல் கடந்த தூரத்துக்குப் போனபிறகு, ரோம் நகரிலேயே ஒரு துண்டு நிலத்தைப் பகைவர் மண்ணாகப் பாவித்து அதில் ஈட்டியை எறிந்தார்கள். கோரிக்கையோ அறிவிப்போ இல்லாத போர் நியாயமாகாது என்று கி.மு. 44இல் சிசெரோ எழுதியதற்குப் பின்புலம் இந்த வழக்கமே.

தொடக்கக் காலக் கிறிஸ்தவ அறிஞர்களான தெர்த்துல்லியனும் ஒரிஜனும் படைத்தொழிலை ஏற்கவில்லை. பேரரசே கிறிஸ்தவமான பிறகு அந்த நிலைப்பாடு தாக்குப்பிடிக்கவில்லை. அமைதியை மீட்பதற்காக, உரிய அதிகாரம் உள்ளவர் தொடுக்கும் போரை அகஸ்தீன் (354–430) அனுமதித்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் அதை மூன்று நிபந்தனைகளாகச் சுருக்கினார்: ஆள்பவரின் அதிகாரம், தக்க காரணம், நேரிய நோக்கம். இதற்கு முன்பே, 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் குறுக்குவில்லைப் பயன்படுத்தத் தடை விதித்திருந்தது. சிலுவைப் போர்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தத் தடையின் காப்பு மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஸ்பெயின் அமெரிக்கக் கண்டத்தைக் கைப்பற்றியது இந்த வாதங்களைச் சோதித்தது. சலமான்கா பல்கலைக்கழகத்தில் 1539இல் ஆற்றிய விரிவுரைகளில் பிரான்சிஸ்கோ டி விட்டோரியா, மத வேற்றுமையும் பேரரசை விரிவாக்கும் ஆசையும் போருக்குக் காரணமாகா என்றார். போர் அநியாயம் என்று மனச்சாட்சி சொன்னால் குடிமகன் அதில் சேரக் கூடாது என்றும் வாதிட்டார். ஆனால் ஸ்பானியர்கள் பயணிக்கவும் வணிகம் செய்யவும் மதம் பரப்பவும் தடுக்கப்பட்டால் ஆயுதம் எடுக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தார். படையெடுப்பாளருக்கு அது போதுமானதாக இருந்தது.

முறைக்கு முதலிடம்

நெதர்லாந்தின் லோவஸ்டெய்ன் கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த ஹியூகோ குரோஷியஸ், 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பினார். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1625இல் பாரிசில் போர், அமைதி இரண்டின் சட்டத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். எல்லா மதப்பிரிவினரையும் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் ஒன்றைத் தேடியது அந்நூல். அடுத்த இரு நூற்றாண்டுகளில், இறையாண்மை கொண்ட ஒவ்வொரு அரசும் தன் வழக்குக்குத் தானே நீதிபதி என்ற எண்ணம் வேரூன்றியது. காரணத்தை விசாரிப்பது பயனற்றுப்போக, கவனம் முறைமேல் திரும்பியது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல், பிரான்சிஸ் லீபர் எழுதிய 157 பிரிவுகள் கொண்ட நெறித்தொகுப்பை ஆபிரகாம் லிங்கனின் அரசு வடக்குப் படைகளுக்கு ஆணையாக அனுப்பியது. 1859இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த காயம்பட்டோரைப் பார்த்த ஹென்றி துனாந்தின் முயற்சியால் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. 1864இல் 12 நாடுகள் முதல் ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1899இல் ஹேக் மாநாடு, உடலுக்குள் விரிந்து சிதைக்கும் தோட்டாக்களைத் தடை செய்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் உருவான தோட்டா அதற்குப் பெயர்போனது. நாகரிகமற்ற எதிரிகளை நிறுத்தச் சாதாரணத் தோட்டா போதாது என்று வாதிட்ட பிரிட்டன், 1907 வரை அந்தத் தடையை ஏற்கவில்லை.

நீதிமன்றங்களின் காலம்

முதல் உலகப் போருக்குப் பின் காரணம் பற்றிய கேள்வி திரும்பி வந்தது. 1928இன் கெல்லாக்–பிரியான் ஒப்பந்தம் போரை அரசுக் கொள்கையின் கருவியாகக் கொள்வதைக் கைவிடச் சொன்னது. 1945இன் ஐ.நா. சாசனம் படைபலத்தைத் தடை செய்து இரு விதிவிலக்குகளை மட்டும் வைத்தது: தற்காப்பும் பாதுகாப்பு அவையின் அனுமதியும். நியூரம்பெர்க் தீர்ப்பாயம் 1946இல் ஆக்கிரமிப்புப் போரைக் குற்றங்களில் தலையாயதாக வைத்தது. டோக்கியோ தீர்ப்பாயத்தில் இருந்த இந்திய நீதிபதி ராதாபினோத் பால் மட்டும் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்று எழுதினார். போர் தொடுத்தபோது அப்படியொரு குற்றம் சட்டத்தில் இல்லை, வென்றவர் தோற்றவரை மட்டும் விசாரிப்பது நீதியாகாது என்பன அவர் வாதங்கள்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் நகரங்கள் மேல் குண்டு பொழிந்ததை எந்தத் தீர்ப்பாயமும் விசாரிக்கவில்லை. பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் ஆயர் ஜார்ஜ் பெல் 1944 பிப்ரவரியிலேயே அதைக் கண்டித்தார். 1956இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் முன்னாள் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது, ஹிரோஷிமா, நாகசாகியில் குற்றமற்றவர்களைக் கொல்ல ஆணையிட்டவர் அவர் என்று தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கோம் எதிர்த்தார். பட்டம் வழங்கப்பட்டது.

அணு ஆயுதம் பற்றி சர்வதேச நீதிமன்றம் 1996இல் ஆலோசனைக் கருத்து வழங்கியபோது, நாட்டின் உயிருக்கே ஆபத்தான தற்காப்பு நிலையில் அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதமா என்று உறுதியாகக் கூற முடியவில்லை என்றது. 7க்கு 7 என்று பிரிந்த வாக்கு, தலைவரின் தீர்மான வாக்கால் முடிந்தது. இந்தத் தயக்கத்தை ஏற்காத இலங்கை நீதிபதி சி. ஜி. வீரமந்திரி, பேரழிவு ஆயுதங்களை விலக்கிய ராமாயண, மகாபாரதச் செய்திகளையும் தம் மறுப்புரையில் எடுத்துக்காட்டினார்.

பிறரைக் காக்கப் போர்

1971 டிசம்பரில் கிழக்குப் பாகிஸ்தானில் நுழைந்த இந்தியா, பாகிஸ்தானின் விமானத் தாக்குதலைச் சுட்டித் தற்காப்பையே சட்டக் காரணமாக முன்வைத்தது. ஐ.நா. பொதுச்சபை 104க்கு 11 என்ற வாக்கில் போர்நிறுத்தமும் படைவிலக்கமும் கோரியது. வியட்நாம் போர் எழுப்பிய வாதங்களிலிருந்து 1977இல் நியாயப் போர் பற்றித் தம் நூலை எழுதிய அமெரிக்கச் சிந்தனையாளர் மைக்கேல் வால்சரோ, மனிதநேயத் தலையீட்டுக்கு ஏற்கத்தக்க உதாரணமாக இதைக் காட்டினார். பாதுகாப்பு அவையின் அனுமதியின்றி 1999இல் கொசோவோவுக்காக நேட்டோ 78 நாள் குண்டு வீசியது. அதை ஆராய்ந்த சுயேச்சைக் குழு, சட்டத்துக்குப் புறம்பானதாயினும் நியாயமுடையது என்றது. மக்களைக் காக்கும் பொறுப்பு என்ற கொள்கையை 2005 ஐ.நா. உச்சிமாநாடு ஏற்றது. 2011இல் லிபியாவில் அதன் பெயரால் தொடங்கிய தாக்குதல் கடாபியின் ஆட்சி கவிழும்வரை நீண்டதும் அக்கொள்கை செல்வாக்கை இழந்தது.

2018 ஜூலை முதல் ஆக்கிரமிப்புக் குற்றத்தையும் விசாரிக்கும் அதிகாரம் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் அதில் அங்கம் வகிக்காத நாட்டின் தலைவர்கள்மேல், பாதுகாப்பு அவை வழக்கை அனுப்பினாலன்றி, இந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாது. ரஷ்யா அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர் அல்ல. பாதுகாப்பு அவையில் அதற்கு வீட்டோ அதிகாரமும் இருக்கிறது. எனவேதான் உக்ரைன் மீதான ஆக்கிரமிப்பை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் உடன்பாட்டில் 2025 ஜூனில் உக்ரைனும் ஐரோப்பிய மன்றமும் கையெழுத்திட்டன.