மதுரை வாசலில் அறைந்த தலைகள்

இந்தத் தலைகளைப் பற்றிய கல்வெட்டு வாசகங்களைப் பொதிகையின் மேற்குச் சரிவில், போனக்காட்டில் தங்கியிருந்த நாட்களில்தான் வரிவரியாகப் படித்தேன். மலைக்கு அப்புறம் திருநெல்வேலிச் சீமை. 12-ஆம் நூற்றாண்டில் மதுரைக்காகப் பராக்கிரம பாண்டியனோடு மோதிய குலசேகர பாண்டியன், படை திரட்டிய இடங்களுள் அதுவும் ஒன்று. பங்காளிச் சண்டையில் பராக்கிரமன் பக்கம் சிங்களப் படையும் குலசேகரன் பக்கம் சோழப் படையும் புகுந்தன. நான் தேடியது ஒருவனின் முடிவை: இலங்கைப் படையை நடத்தி வந்த இலங்காபுர தண்டநாயகன் என்ன ஆனான்? (தண்டநாயகன் என்றால் படைத்தலைவன்.)

பாலி மொழியில் எழுதப்பட்ட சூளவம்சத்திலிருந்து தொடங்கினேன். மதுரையில் முற்றுகைக்குள்ளான பராக்கிரமன், பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரமபாகுவிடம் (1153–1186) உதவி கேட்கிறான். படை புறப்படுமுன் நகரம் விழுகிறது. அவனும் மனைவி மக்களும் கொல்லப்படுகிறார்கள். ஆனாலும் இலங்காபுரன் கடல் கடக்கிறான். இராமேசுவரத்தைப் பிடித்து, குந்துகாலில் கோட்டை கட்டி, தப்பிப் பிழைத்த இளைய மகன் வீரபாண்டியனுக்கு மதுரையில் முடிசூட்டுகிறான். துணைக்கு ஜகத்விஜயன் என்ற இன்னொரு தலைவனும் வந்து சேர்கிறான். நூல் வெற்றியோடு நின்றுவிடுகிறது.

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு இரண்டாம் இராசாதிராச சோழனின் 5-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சிங்களர் இராமேசுவரத்தில் கோயில் கதவடைத்துப் பூசையை நிறுத்தி, பண்டாரத்தை, அதாவது கோயில் கருவூலத்தை, கொள்ளையிட்டனர் என்ற சேதியால் சோழச் சிற்றரசர் எதிரிலிசோழ சம்புவராயர் கலங்குகிறார். கௌட தேசத்திலிருந்து வந்த உமாபதிதேவரைச் சரணடைகிறார். அவர் 28 நாள் பூசை செய்கிறார். பிறகு செய்தி வருகிறது: சயத்ரத தண்டநாயகனும் இலங்காபுரி தண்டநாயகனும் ஓடிப்போனார்கள். அந்த ஊரே அவருக்குக் கொடையாகிறது. தேடல் முடிந்ததென்றே நினைத்தேன்.

முடியவில்லை. 1924-ஆம் ஆண்டுக் கல்வெட்டுப் பட்டியலில் 433-ஆம் எண்ணாக இருப்பது, மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு. அதே மன்னனின் 8-ஆம் ஆண்டு. இலங்காபுரி தண்டநாயகன் முதலானோரைச் சோழப் படைத்தலைவர் பெருமான் நம்பிப் பல்லவராயர் கொன்று, தலைகளை மதுரை வாசலில் அறைவித்தார் என்கிறது. ஓடியவனின் தலை வாசலுக்கு எப்படி வந்தது?

இரண்டு கட்டப் போர் என்று ஒரு விடை எழுதி வைத்தேன்: முதலில் ஓட்டம், பின்பு துணைப்படையோடு திரும்பி வந்து மரணம். அதை நானே அடிக்க வேண்டியதாயிற்று. ஆர்ப்பாக்கம் சொல்லும் சயத்ரதனே சூளவம்சத்தின் ஜகத்விஜயன் என்பது அறிஞர் கருத்து. அப்படியானால் துணைப்படை வந்த பிறகுதான் அந்த ஓட்டமே நடந்திருக்கிறது. ஓட்டத்துக்குப் பின் பிடிபட்டார்களா, களத்திலிருந்து காஞ்சிக்கு வந்த முதல் செய்தி அரைகுறையாக இருந்ததா? பல்லவராயன்பேட்டைக் கல்லையும் அப்படியே நம்பத் தயங்கினேன். பல்லவராயர் நோயுற்று இறந்த பின், அவர் குடும்பத்தாருக்கு நிலம் கொடுக்கும்போது வெட்டியது அது. இறந்தவரின் புகழ் அங்கே வளர்ந்திருக்கக் கூடும்.

தயக்கத்தைக் குறைத்தது திருவாலங்காட்டுக் கல்வெட்டு, இராசாதிராசனின் 12-ஆம் ஆண்டு. அதற்குள் குலசேகரன் கட்சி மாறி இலங்கையோடு உறவு கொண்டுவிட்டான். சோழரின் குற்றப் பட்டியல் நீள்கிறது: சோழருக்கு வேண்டியவர்களை வெள்ளாற்றுக்கு வடக்கே விரட்டினான்; மதுரை வாசலில் அறைந்திருந்த தலைகளை எடுப்பித்தான். படித்தபோது உடல் சிலிர்த்தது. இதுவும் சோழர் வாக்குதான், தனிச் சாட்சியாகாது. ஆனால் இங்கே யாரும் வெற்றியைப் பாடவில்லை. நன்றி மறந்தான் என்ற வழக்கில், எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாகத் தலைகள் போகிறபோக்கில் வருகின்றன. தற்செயலாக விழும் சொல்லுக்கு நான் கூடுதல் எடை தருகிறேன்.

ஆகவே வாசலில் தலைகள் இருந்தன என்றே கொள்கிறேன். அவற்றுள் ஒன்று இலங்காபுரனுடையது என்பதற்குப் பல்லவராயன்பேட்டைக் கல்லைத்தான் நம்ப வேண்டும். அதைப் பென்சிலால்தான் குறித்திருக்கிறேன். திருவாலங்காட்டுக் கல் மேலும் செல்கிறது. ஊராத்துறை, மாதோட்டம் முதலிய துறைகளில் இலங்கையரசன் மறுபடி படகுகள் கட்டுகிறான். சோழரோ குலசேகரனைக் கைவிட்டு, மதுரைக்கு வேறொருவனைத் தேர்கிறார்கள். இலங்காபுரன் முடிசூட்டிய அதே வீரபாண்டியனை.