உயிர்போன பொட்டியும் காணாமப்போன இ-யும்

மக்களே, பதிவு கொஞ்சம் நீளம். டமேஜர் சீட்டுல இல்லாத நேரமாப் பாத்துப் படிங்க. :-)

மந்தைவெளியில பெரியம்மா வீட்டு பீரோவுல ஒரு லேப்டாப் கிடந்துச்சு. 2003-ல பெரியப்பா வாங்கினது. அவர் தவறி ஆறு வருஷம் ஆச்சு. "நீதான் பொட்டி தட்டுறவனாச்சே, இதுல அவர் எழுதினதெல்லாம் இருக்குடா, எடுத்துக் குடு"ன்னு பெரியம்மா கையில திணிச்சுட்டாங்க. பெரியப்பா மயிலாப்பூரைப் பத்தி நிறைய எழுதினவர். கபாலி கோயில் தெப்பம், மாட வீதி, லஸ் கார்னர் இப்படி. நண்பர்களுக்கு மின்மடல்ல அனுப்புறதோட சரி, அச்சுல எதுவும் வந்ததில்ல. அதாவது உலகத்துலயே முழுசா இருந்த ஒரே பிரதி அந்தப் பொட்டிக்குள்ளதான்.

பட்டனை அமுக்கினா ஒரு விளக்குகூட எரியல. ஆனா பொட்டி செத்துப்போச்சுன்னா டிஸ்க்கும் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. பெரும்பாலும் போறது மதர்போர்டோ பவர் பகுதியோதான். அடியில ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டினா ஹார்ட் டிஸ்க் கையோட வந்துரும். அந்தக் காலத்து ஐடிஈ வகை டிஸ்க்குங்கிறதால ரிச்சி தெருவுல அதுக்கேத்த யூ.எஸ்.பி. அடாப்டர் தேடி வாங்கினேன். லினக்ஸ் மெஷின்ல மாட்டி, முதல் வேலையா டிடிரெஸ்க்யூ வச்சு டிஸ்க்கை அப்படியே முழுசா ஒரு பிரதி எடுத்தாச்சு. அதுக்கப்புறம் கை வைக்கிறதெல்லாம் பிரதியிலதான், மூலத்துல இல்ல. (டிஸ்க் 'டிக் டிக்'னு சத்தம் போட்டா இதெல்லாம் செய்யாதீங்க. உடனே பவரைப் புடுங்கிட்டு, திறந்து பாக்கத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க.)

ஒரு சனிக்கிழமை மதியத்துல எல்லா ஃபைலும் வெளிய வந்துருச்சு. திறந்து பாத்தா ஒண்ணும் புரியல. மேல புள்ளி வச்ச, தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக் கொட்டிக் கிடக்கு. ஐஸ்லாந்து மொழியில 'தோர்ன்'னு ஒரு எழுத்து உண்டு, அது வரிக்கு நாலு தடவை வருது. பெரியப்பாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் என்ன சம்பந்தம்?

இங்கதான் கொசுவத்தி சுத்தணும்.

ஒரு எழுத்துக்கு 8 பிட்டுன்னா மொத்தம் 256 அறை. முதல் 128-ல ஆங்கிலம் குடியிருக்கு. மிச்சம் 128-க்குள்ள நம்ம 247 எழுத்தையும் அடைக்கணும். கொம்பு, கால், கொக்கின்னு துண்டு துண்டா உடைச்சு அடைச்சாங்க. எந்தத் துண்டு எந்த அறையிலங்கிறதை ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் தன்னிஷ்டத்துக்கு முடிவு பண்ணினார். ஈழத்தமிழர்கள் மத்தியில பரவலா இருந்த பாமினி எழுத்துருவோ ஆங்கில அறைகள்லயே தமிழை ஏத்திருச்சு. அதுல 'அம்மா'ன்னு அடிச்சா ஃபைல்ல உக்காருறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். சுவிட்சர்லாந்துல இருந்த கு.கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாக் குடுத்த எழுத்துருவோட பேரே மயிலை. அவரும் நண்பர்களும் 1998 பொங்கல்ல ஆரம்பிச்சதுதான் மதுரைத் திட்டம். மலேசியாவுல முத்து நெடுமாறனோட முரசு அஞ்சல் தனியா ஓடிட்டிருந்துச்சு. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிக்கணும்னா அதே எழுத்துரு வேணும்.

இதை ஒழுங்குபடுத்த 1997-ல சிங்கப்பூர்ல நா.கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் மாநாடு நடந்துச்சு. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99. பேராசிரியர் மு.ஆனந்தகிருஷ்ணன் போன்றவங்க முன்னின்று நடத்தினாங்க. அதுல பொறந்தவைதான் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப்னு ரெண்டு குறியீடும். ஆனா இணையத்துல புழங்கின ஆர்வலர்கள் மின்மடல்லயே விவாதிச்சு டிஸ்கின்னு வேற ஒண்ணை உருவாக்கி வச்சிருந்தாங்க. அரசாங்கத்துக்கு டாப், நெட்டுல டிஸ்கின்னு ஆகிப்போச்சு. அப்ப எனக்கு ரெண்டு வயசு, அதனால என்னைக் குத்தம் சொல்ல முடியாது!

கடைசியில ஜெயிச்சது ரெண்டும் இல்ல. 1991-லயே தமிழுக்கு இடம் குடுத்த யூனிகோடு. அதுவும் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோட வந்து, தமிழ் தானாவே தெரிய ஆரம்பிச்ச பிறகுதான். எத்தனை குழு போட்டாலும் பொட்டியோட சேர்ந்து வர்றதுதான் நிலைக்கும்னு என்னோட அபிப்பிராயம். தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏத்துக்கிட்டது 2010-ல. நடுவுல பாலமா இருந்தது சுரதாவோட பொங்குதமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி செயலிகள். அவங்களுக்கெல்லாம் நாம சரியா நன்றி சொன்னோமான்னு தெரியல.

சரி, ஐஸ்லாந்துக்கு வருவோம். டிஸ்கி 1.7-ல 254-ஆம் அறை இ. விண்டோஸோட மேற்கு ஐரோப்பியக் குறியீட்டுல அதே 254 தோர்ன். இந்த, இது, இங்கே, இருந்துன்னு தமிழ்ல வரிக்கு நாலு இ வரும்ல, அதான் அத்தனை தோர்ன். லினக்ஸ்ல ஐகான்வ்னு ஒரு கட்டளை இருக்கு, அதுக்கே டிஸ்கி தெரியும். ஒரே வரியில முக்கால்வாசி ஃபைல் தமிழாயிருச்சு. டிஸ்கியில 'கெ'ன்னா முதல்ல கொம்பு, அப்புறம் க. யூனிகோடுல முதல்ல க, அப்புறம் கொம்பு. இந்த முன்னே பின்னே மாத்துற வேலையையும் அதுவே பாத்துக்குது.

மிச்சம் கால்வாசிதான் வம்பு. அதெல்லாம் டிஸ்கி 1.7-க்கு முந்தினது. அப்ப இ இருந்த அறை 173. விண்டோஸுக்கோ 173-ன்னா வரி ஓரத்துல வார்த்தை உடையும்போது மட்டும் தலைகாட்டுற மறை இணைப்புக்கோடு. சில மென்பொருள் அதைக் காட்டாது, சிலது வெட்டி ஒட்டும்போது தூக்கியே போட்டுரும். அந்த வம்பாலதான் 1.7-ல இ-யை 254-க்குக் குடிமாத்தினாங்க. பெரியப்பாவோட ஃபைல்கள்ல 173 இருந்த இடமெல்லாம் சரியாயிருச்சு. மின்மடல்லேர்ந்து வெட்டி ஒட்டின ஃபைல்கள்ல அந்த பைட்டே இல்ல. 'ந்த', 'ங்கே', 'ருந்து'ன்னு மொட்டையா நிக்குது. இதையெல்லாம் யாரும் திருத்திரலாம். தெப்பத்தைப் பத்தின கட்டுரையோட கடைசி வரி இப்படி இருந்துச்சு: 'தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.' கபாலி கோயில் தெப்பம் நடக்கிறது தைப்பூசத்துல. அவர் எழுத நினைச்சது தை மாசத்தைப் பத்தியா, 'இதை'ப் பத்தியா? ரெண்டும் பொருந்துது!

இந்தத் தலைவலியை நமக்கு முன்னாடியே பட்டவர் ஒருத்தர் உண்டு. உ.வே.சா.தான். ஏட்டுச்சுவடியில மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டாங்க, ஓலை கிழிஞ்சுரும்னு. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் காட்ட மாட்டாங்க. காலும் ர-வும் பாக்க ஒண்ணுபோலவே இருக்கும். அரிச்சு அழிஞ்சது போக மிஞ்சின ஓலையைக் கண்டுபிடிச்சாலும், அதுல இருக்கிறது என்ன எழுத்துன்னு முடிவு பண்றது தனி வேலை. அவர் தேடிப் போன கரிவலம்வந்தநல்லூர் கோயில்ல ஏடுகளை ஓமத்தீயில போட்டுட்டதா வேற சொல்லியிருக்காங்க. சீவக சிந்தாமணி 1887-லயும் புறநானூறு 1894-லயும் அச்சேறின கதை நமக்குத் தெரியும். நான் கவனிக்காம விட்டிருந்தது அவரோட முறையை. பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டுப் பாத்து, ஒண்ணைத் தேர்ந்தெடுத்து, மத்த பாடங்களைத் தூக்கி எறியாம பிரதிபேதம்னு குறிச்சு வச்சார். 1903-க்கு அப்புறம் அவர் சென்னையில வாழ்ந்து வேலை பாத்தார். திருவல்லிக்கேணியில அவர் இருந்த தியாகராச விலாசத்தை 2012-ல இடிச்சுட்டாங்க. 1942-ல அவர் மறைஞ்ச அடுத்த வருஷமே ருக்மிணி தேவி அருண்டேல் நூலகம் தொடங்கினதால ஏடுகள் தப்பிச்சது. பெசன்ட் நகர்ல இருக்கு, போய்ப் பாருங்க.

நானும் அதே வழிதான். அடையாறுல பெரியப்பாவோட நண்பர் ஒருத்தர் பழைய மடல்கள்ல சிலதை அச்செடுத்து வச்சிருந்தார், அதோட ஒப்பிட்டேன். தெப்பம் கட்டுரை அதுல இல்ல. நான் சேர்த்த இ-யெல்லாம் அடைப்புக்குறிக்குள்ள இருக்கு. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் ரெண்டு பாடமும் குடுத்திருக்கேன்.

இப்ப வர்ற லேப்டாப்புகள்ல நிலைமை தலைகீழ். எழுத்துப் பிரச்சினை கிடையாது, எல்லாம் யூனிகோடு. ஆனா பலதுல சேமிப்பு சிப்பையே போர்டோட சேர்த்துப் பத்த வச்சுடறாங்க, கழட்டவே முடியாது. கழட்ட முடிஞ்சாலும், விண்டோஸ் நிறையப் பொட்டிகள்ல பிட்லாக்கரை அதுவாவே போட்டு வச்சிருக்கும். 48 இலக்கச் சாவி இல்லன்னா டிஸ்க் கையில இருந்தும் ஒரு ஃபைலும் வெளிய வராது. உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல அந்தச் சாவி இருக்கான்னு இன்னிக்கே பாத்து, ஒரு காகிதத்துல எழுதி வீட்டுல குடுத்து வைங்க. கூடவே, பரண்ல பழைய சி.டி., ஃப்ளாப்பி கிடந்து, திறந்தா ஐஸ்லாந்து தெரிஞ்சா சொல்லுங்க, ஐகான்வ் கட்டளையோட ரெடியா இருக்கேன்.