மினாரா இல்லாத பள்ளிகள்

சென்னை அரண்மனைக்காரன் தெருவின் பெயரை ‘ஆர்மீனியன் தெரு’ என்பதன் திரிபு என்பர். அங்கே 1772இல் எழுந்த ஆர்மீனியர் தேவாலயம் இன்றும் நிற்கிறது; அதைக் கட்டிய வணிகச் சமூகம் இல்லை. அக்கட்டடத்தில் அன்றைய ஐரோப்பியக் கட்டட முறையின் சாயலே மிகுதி. கடல் கடந்து வந்த வணிகர் தம் வணக்கத்தலத்தை எந்தச் சாயலில் எழுப்பினர் என்னும் கேள்விக்குத் தாமிரபரணியின் கடல்முகம் வேறு விடை தருகிறது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயல், ஹுர்முஸ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றி வந்த கப்பல்கள் தங்கிய பட்டினம். ஆற்று வண்டலால் கொற்கை தூர்ந்தது போலவே பழைய காயலும் பின்னர்த் தூர்ந்தது. அதன் தெற்கே அமைந்த காயல்பட்டினத்தின் பழைய பள்ளிகளில்தான் நாம் தேடும் விடை இருக்கிறது.

அப்பள்ளிகளுள் நுழையும் புதியவர் திகைப்பது இயல்பே. பழைய கட்டடத்தில் குவிமாடம் இல்லை. வானளாவும் மினாராவும் இல்லை. உயர்ந்த அதிட்டானம், வரிசையான கருங்கல் தூண்கள், அவற்றின் தலையில் பூமொட்டுத் தொங்கும் போதிகைகள், மேலே கற்பலகைகள் பாவிய தட்டைக் கூரை, வெளியே வளைந்திறங்கும் கொடுங்கை: யாவும் பாண்டிநாட்டுக் கல்தச்சர் கைவண்ணம். கோயில் மண்டபம் கட்டிய அதே மரபினர், இங்கே மனித, விலங்கு உருவங்களைத் தவிர்த்துக் கொடியும் பூவும் மட்டுமே செதுக்கினர். கருவறை இல்லை, மேற்குச் சுவரில் மிஹ்ராப் குடைந்தனர். தொழுவோர் அணிவகுக்க மண்டபம் அகன்றது. இதைக் ‘கலப்பு’ என எழுதுவாரும் உளர். நமக்கு அச்சொல் பொருத்தமாகத் தோன்றவில்லை. தொழுகைக்கு வேண்டியது எதுவும் இங்கே குறையவில்லை. ஊரின் கல்லும் உளியும் அதற்குப் பணிந்தன, அவ்வளவே. கல்வெட்டொன்றில் வரும் ‘உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி’ என்ற பெயர், வேணாட்டு அரசரின் ஆதரவையும் சொல்கிறது.

மெஹர்தாத் ஷொகூஹி 2003இல் வெளியிட்ட நூலில் இப்பள்ளிகளை அளந்து வரைபடங்களுடன் பதிவு செய்தார். நம்மவரோ, கடற்கரை ஊர்கள் பலவற்றில், இடநெருக்கடியின் பேரிலும் ‘இஸ்லாமியத் தோற்றம்’ வேண்டியும் பழைய மண்டபங்களை இடித்துக் கான்கிரீட் எழுப்பிவிட்டோம். இடநெருக்கடி மெய்யே, ஜும்ஆ நாளில் தெருவில் தொழுவோரைக் காண்கிறோம். ஆயினும் மண்டபத்தை அப்படியே விட்டு முற்றத்தின் பக்கம் விரிக்கலாம். அதற்கும் முன்னர், தூண்களின் மேல் அப்பிய சுண்ணமும் வண்ணமும் நீக்கி, கல்லில் எழுத்திருக்கிறதா என்று பார்த்துப் படியெடுத்துக்கொள்வது ஜமாஅத்துகளுக்குப் பெருஞ்செலவன்று.