பாதிக்கப்பட்டோர் என்னும் ஒரு சொல்: இலங்கையில் எச்.ஐ.வி. பராமரிப்பின் சரித்திரம் குறித்து

இலங்கையில் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெரியோரையும் சிறாரையும் பேணும் சமூகம் உருவான வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கிருமியின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். 1987இல் முதல் இலங்கையர் அடையாளங் காணப்பட்டமை, 2004இன் இறுதியில் அரசு இலவசமாக மருந்து வழங்கத் தலைப்பட்டமை, 2019இல் தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவது ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தமை ஆகிய மூன்றும் அவ்வரலாற்றின் மைல்கற்கள். இவ்வாண்டுகளில் எமக்கு ஐயமில்லை. ஆயின் பராமரிப்பு என்பது இவற்றிலே அடங்கிவிட்டதா என்பதிலேதான் ஐயம்.

இத்துறையில் பெரிதும் மதிக்கப்படும் அபிப்பிராயம் சூசன் சொன்டாக் என்னும் அமெரிக்க எழுத்தாளருடையது. புற்றுநோயைத் தாமே அனுபவித்தறிந்த அவ்வம்மையார், 1978இல் நோயும் உருவகமும் பற்றி ஒரு நூலும், அதன் தொடர்ச்சியாக 1989இல் எய்ட்ஸும் அதன் உருவகங்களும் பற்றி மற்றொரு நூலும் எழுதினார். நோயைக் கொள்ளைநோயென்றும், அந்நிய தேசத்திலிருந்து வந்ததென்றும், ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனையென்றும் யுத்தமென்றும் பேசும் பேச்சே நோயாளியை இருமுறை வதைக்கிறது. அப்பேச்சைக் களைந்து, நோயை நோயாக மட்டும் காண்பதே விமோசனம் என்பது அவர் வாதத்தின் சாரம். 'ஆட்கொல்லி', 'உயிர்க்கொல்லி' என்று நம் பத்திரிகைகள் பல்லாண்டுகள் எழுதிவந்ததை நினைப்போர்க்கு இதன் நியாயம் புலப்படாமற் போகாது. எனினும் அவ்வாதம் முழுமையும் உடலில் நோய் உண்டு என்பதை ஆதாரமாகக் கொண்டு நிற்கிறது. நோயே இல்லாதவிடத்து விளைந்த பகிஷ்காரத்தை அது எங்ஙனம் விளக்கும்?

இவ்வினாவை எழுப்புவது 2016ஆம் ஆண்டின் குளியாப்பிட்டி விவகாரம். ஒரு குடும்பத்தில் எச்.ஐ.வி. உண்டெனப் பரவிய வதந்தியினால் அவ்வீட்டுக் குழந்தைக்குப் பாடசாலை மறுக்கப்பட்டது. குழந்தையிடம் தொற்றில்லை என்பது பரிசோதனையில் தெளிவான பின்னும் ஊரார் மனம் இளகவில்லை. ஈற்றில் கண்டி நகரின் கல்லூரியொன்று இடமளிக்க முன்வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 28இல் உயர் நீதிமன்றம் கல்வியுரிமையை நிலைநாட்டியபோது, எச்.ஐ.வி.யுடன் வாழும் சிறாரை மட்டுமன்றி, அதனால் பாதிக்கப்பட்ட சிறாரையும் அவ்வுரிமைக்குள் அடக்கிற்று. கிருமியின் வரலாற்றில் இரண்டாம் வகைக் குழந்தைக்கு இடமேயில்லை.

'பாதிக்கப்பட்ட' என்னும் அந்த இரண்டாம் சொல்லிலேயே சற்றுத் தங்க வேண்டியிருக்கிறது. தமிழில் 'எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தை' என்றால், கிருமியைச் சுமக்கும் குழந்தையும் அதுவே. கிருமியின்றி அதன் பழியைச் சுமக்கும் குழந்தையும் அதுவே. சட்டம் பிரித்து வைத்ததை நம் வழக்கு ஒன்றாக்கிவிடுகிறது. இதனைச் சொற்குறை என்று தள்ளிவிடலாம். ஆயின் ஊரார் கண்ணில் இவ்விரு குழந்தைகளும் ஒன்றாகவே தோன்றினர் என்பதால், அவ்வழக்கு ஊரின் மனத்தை உள்ளபடி காட்டுகிறது என்றே யாம் கொள்கிறோம். பழி உடலைப் பற்றியதன்று, உறவைப் பற்றியது.

இது மெய்யாயின், நோயின் பெயரை வெளிப்படையாக்குவதொன்றே கருணையாகாது; மறைப்பதும் கருணையாகும். தமிழ்நாட்டில், 1928இல் க்ஷயரோகிகளுக்கென எழுந்த தாம்பரம் சானடோரியம், 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளரை ஏற்றது. அங்கு செல்வோன் எந்நோய்க்காகச் செல்கிறான் என்று அயலார் எளிதில் துணிய முடியாதபடி அப்பழம்பெயர் ஒரு போர்வையாக உதவியிருக்கும் என்பது எம் அனுமானம். ஆதாரம் மெலிதே, எனினும் அங்கேயே எச்.ஐ.வி. பரிசோதனைக் கூடத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயரிட்டோர், நோயின் நாமத்தைப் பலகையிலிருந்து நீக்கியதும் இதே திசையில்தான். இலங்கையிலும், கண்டி மாவட்டத்து ஹுன்னஸ்கிரியவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், ஒரே சுவரைப் பகிரும் லயக் காம்பராக்களில், ஒருவர் மாதந்தோறும் கண்டிக்குப் பஸ் ஏறும் காரணம் அயலறியாமல் இருப்பதற்கு மருந்தைப் போலவே காவல் தேவை.

இதற்கு மாறான சாட்சியொன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. விபத்தொன்றின் பின் 1995இல் ஏற்றப்பட்ட இரத்தத்தால் தொற்றுக்குள்ளான குழந்தைநல வைத்தியர் கமலிகா அபேரத்ன, தம் நிலையைப் பகிரங்கமாக உரைத்து, 'அக்செஸ்' என்னும் அமைப்பை நிறுவிப் பிறரைப் பேணினார். 2004இல், அரசின் இலவச மருந்து நாட்டில் வழங்கத் தொடங்கிய அதே ஆண்டில், அவர் காலமானார். சொன்டாக் வேண்டிய துணிவு இங்கே பலித்தது. ஆனால் பேசியவர் வைத்தியர், கொழும்பின் மதிப்பு அவருக்கு அரணாயிருந்தது. தோட்டத்துப் பெண்ணிடம் அதே துணிவை எதிர்பார்க்கும் உரிமை எவர்க்குமில்லை.

எனவே பராமரிப்புச் சமூகத்தின் தொடக்கத்துக்கு ஓராண்டைக் குறிக்க யாம் முற்படவில்லை. கிருமியைச் சுமந்தோர்க்கு அது கமலிகா அம்மையாரின் குரலோடு தொடங்கிற்று எனலாம். பழியை மட்டும் சுமந்த குழந்தைகளுக்கு 2016இன் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அத்தீர்ப்பு மலைத் தோட்டத்துப் பாடசாலைகளின் வாயிலை எட்டிய நாளையும் சேர்த்தே இவ்வரலாறு எழுதப்பட வேண்டும்.