குழாய் திறந்திருந்தது: மூளை அறுவையும் எண்ணிக்கையின் அரசியலும்

‘ஆபரேஷன் சக்ஸஸ், பேஷண்ட் அவுட்’ என்று நம்மூரில் ஒரு கேலி உண்டு. ‘வெற்றி’ என்ற சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது வெட்டியவரா, வெட்டுப்பட்டவரா என்ற கேள்வி அந்தக் கேலிக்குள் கிடக்கிறது. மூளை ரத்தக்குழாய் அறுவையின் வரலாற்றில் இந்தக் கேள்வி ஒருமுறை மிகக் கூர்மையாக எழுந்தது. அதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

1967 அக்டோபரில், ஜூரிச் நகரில், துருக்கியில் பிறந்த நரம்பு அறுவை மருத்துவர் காஸி யாஸர்கில் ஒரு காரியம் செய்தார். நெற்றிப்பொட்டில் விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்தத் தமனியை எடுத்து, மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஓடும் தமனியோடு தைத்தார். ஒரு மில்லிமீட்டர் அளவே விட்டமுள்ள குழாய். தையல் முழுக்க நுண்ணோக்கியின் கீழ். அமெரிக்காவின் வெர்மாண்டில், டோனகியின் ஆய்வுக்கூடத்தில், நாய்களின் மீது பழகிய வித்தை அது. இதன் நியாயம் எளிது. பெரிய குழாய் அடைத்தால் பக்கவாதம் வரும். மாற்றுவழி போட்டுக் கொடுத்தால் வராது. வாய்க்கால் தூர்ந்தால் பக்கத்து வாய்க்காலிலிருந்து வெட்டிவிடுகிற குடியானவனின் நியாயம். யாருக்கும் எளிதில் புரிந்ததால் கேள்வியும் அதிகம் எழவில்லை. சில ஆண்டுகளுக்குள் பல நாடுகளில் இந்த அறுவை பரவியது.

1977ல் கனடாவின் ஹென்றி பார்னெட் தலைமையில் எண்ணத் தொடங்கினார்கள். சிறிய பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்ட 1377 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் மருந்து உண்டு. ஒன்றுக்கு மட்டும் அறுவை. சராசரியாக நாலரை ஆண்டுகளுக்கும் மேல் பின்தொடர்ந்து, 1985ல் முடிவை வெளியிட்டார்கள். தைத்த குழாய்களில் 96 சதவீதம் திறந்தே இருந்தன. ஆனால் பக்கவாதம் குறையவில்லை. அறுவை செய்துகொண்டவர்களுக்கு அது முன்னதாகவும் சற்று அதிகமாகவும் வந்தது.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். ‘குழாய் திறந்திருக்கிறது’ என்பது அறுவையாளரின் உண்மை. எக்ஸ்ரே படத்தில் தெரிகிற உண்மை. ‘கை விளங்குகிறது, பேச்சு வருகிறது’ என்பது நோயாளியின் உண்மை. முதலாவது நிரூபணமானால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று எடுத்துக்கொண்டதில்தான் அதிகாரம் குடியிருந்தது. அப்படீன்னா பிழை எங்கே? ஓட்டம் குறைந்து வருகிற பக்கவாதம் ஒன்று. எங்கிருந்தோ பெயர்ந்து வந்த ரத்தக்கட்டி அடைப்பதால் வருவது இன்னொன்று. மாற்றுவழி முதலாவதற்குத்தான் உதவ முடியும். போதாததற்கு, கத்தியே சிலருக்குப் பக்கவாதத்தைக் கொண்டுவந்தது.

ஃபூக்கோ நம் சிறுபத்திரிகைகளுக்குள் வந்த பிறகு, எண்ணிக்கை என்றாலே உடல்களை ஆளுகிற அரசின் கருவி என்று பேசிப் பழகிவிட்டோம். மக்கள்தொகைக் கணக்கு முதல் கருத்தடை இலக்கு வரை அதற்குச் சான்றுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்த வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. இங்கே எண், அதிகாரத்தின் பக்கம் நிற்கவில்லை. ‘என் அனுபவத்தில் நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற நிபுணக் குரலை எதிர்த்து, சொல் இழந்தவர்களின் சார்பில் எண் பேசியது.

அந்த எண் கத்திக்கு எதிரியுமல்ல. கழுத்துத் தமனியைத் திறந்து அடைப்பைச் சுரண்டியெடுக்கிற அறுவை வேறொன்று. அமெரிக்காவில் அது 1971ல் சுமார் 15,000 பேருக்கு நடந்தது. 1985ல் 1,07,000 பேருக்கு. அதையும் பார்னெட்டே எண்ணினார். 1991ல் வந்த முடிவு: 70 சதவீதத்துக்கு மேல் அடைத்திருந்த, அறிகுறி கண்டவர்களில், மருந்து மட்டும் என்றால் இரண்டாண்டில் அதே பக்கத்தில் பக்கவாதம் 26 சதவீதம், அறுவையோடு என்றால் 9. அதே தராசு ஒன்றைத் தள்ளியது, இன்னொன்றை ஏற்றது.

தராசும் குறையற்றதல்ல. சோதனை நடந்த மருத்துவமனைகளிலேயே பலருக்குச் சோதனைக்கு வெளியே அறுவை நடந்ததை 1987ல் சன்ட் என்ற அறுவையாளர் சுட்டிக்காட்டினார். எண்ணப்படாதவர் யார் என்பது எப்போதும் நியாயமான கேள்வி. அதற்கு விடையாக, பெட் ஸ்கேன் எடுத்து, ஓட்டம் உண்மையிலேயே குறைந்த 195 பேரைப் பொறுக்கி மறுபடி எண்ணினார்கள். 2011ல் வந்த முடிவின்படி, ஓட்டம் சீரானது. இரண்டாண்டில் பக்கவாதம் அறுவையோடு 21 சதவீதம், இல்லாமல் 22.7. முதல் முப்பது நாளில் மட்டும் 14.4க்கு 2. சீனாவிலிருந்து 2023ல் வந்த ஆய்வும் தெளிவான லாபத்தைக் காட்டவில்லை. மோயமோயா என்கிற அரிய நோயில் இதே தையல் இன்றும் பயன்படுகிறது. ஒரு நோய்க்கு உதவுகிற தையல் இன்னொன்றுக்கு உதவாமல் போகிறது.

ஆகவே எண்ணிக்கையை மறுப்பதல்ல, எண்ணிக்கையைக் கோருவதே நம் அரசியலாக இருக்கவேண்டும் என்பது என் வாதம். எத்தனை பேருக்குச் செய்தீர்கள், முப்பது நாளில் எத்தனை பேர் விழுந்தார்கள், செய்யாமல் விட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள்? கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டுகிற கணத்தில் இதைக் கேட்பது மரியாதைக்குறைவு என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அந்த மரியாதையைத்தான் முதலில் கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது.