இரவல் அதிகாரம்: அமைச்சர் மு. திருச்செல்வத்தின் எழுச்சியும் பதவி துறப்பும் (1965–1968)

மு. திருச்செல்வத்தின் பதவி விலகலைத் திருகோணமலைக் கோயில் விவகாரத்தில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுவது வழக்கமாகியுள்ளது. 1968 செப்டெம்பரில் அவர் இலங்கையின் உள்ளூராட்சி அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு உடனடிக் காரணம் அக்கோயிலான கோணேஸ்வரமே. ஆயினும் அந்த வீழ்ச்சி 1965 மார்ச் மாதத்திலேயே விதைக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். சட்டத்தில் ஏறாத வாக்குறுதியை நம்பிப் பெற்ற அமைச்சுப் பதவி, வாக்குறுதி கைவிடப்பட்டதும் உயிரற்றுப் போயிற்று.

1965 மார்ச் 22 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 66 ஆசனங்களைப் பெற்றது. அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. தமிழரசுக் கட்சியிடம் 14 ஆசனங்கள் இருந்தன. 24ஆம் திகதி கொழும்பில், பிரதமராகவிருந்த ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனாநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகமும் உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்திட்டனர். நிர்வாகத்தில் தமிழ், நீதிமன்றத்தில் தமிழ், மாவட்ட சபைகள், காணிப் பங்கீடு என நான்கு விடயங்கள் அதில் அடங்கின. வடக்கு கிழக்குக் குடியேற்றத் திட்டங்களில் முதலில் அந்தந்த மாவட்டத்தின் காணியற்றோருக்கும், அடுத்து அவ்விரு மாகாணங்களின் தமிழ் பேசும் மக்களுக்கும், பின்னரே ஏனைய பிரஜைகளுக்கும் காணி என்றும், அவ் ஏனையோருள்ளும் பிற மாகாணத் தமிழருக்கு முன்னுரிமை என்றும் வரிசை வகுக்கப்பட்டது. இத்தனை நுணுக்கமாக எழுதப்பட்ட ஆவணம் அன்று மக்கள் முன் வைக்கப்படவில்லை. அந்த மறைப்பு எதிர்க்கட்சிகளின் வதந்திகளுக்கு இடங்கொடுத்தது.

தமிழரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் எவரும் அமைச்சராகவில்லை. அன்றைய அரசியல் யாப்பான சோல்பரி யாப்பு, மேலவையான செனற் சபையிலிருந்தும் அமைச்சர்களை எடுக்க இடமளித்தது. முன்னர் சொலிசிற்றர் ஜெனரலாகக் கடமையாற்றிய இராணி அப்புக்காத்து திருச்செல்வம் அவ்வழியே அமைச்சரவைக்குள் சென்றார். மாவட்ட சபைகளுக்கு உருக்கொடுக்க வேண்டிய உள்ளூராட்சி அமைச்சு அவரிடம் வந்தது. தமிழரசுக் கட்சிக்குத் தொகுதி எதுவுமில்லாத கொழும்பில், வெள்ளவத்தை எழுதுவினைஞருக்கும் கொட்டாஞ்சேனை வர்த்தகருக்கும்கூட அமைச்சரவையில் ஒரு தமிழ்க் குரல் இருந்தது.

பயன் எதுவுமே விளையவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1966 ஜனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகள் நிறைவேறின. வடக்கு கிழக்கில் அரச கருமங்கள் தமிழில் நடக்கவும், தமிழர் எங்கிருந்தும் அரசுடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளவும் அவை வகைசெய்தன. அவற்றுக்கு எதிரான ஊர்வலத்தின்மீது பொலிஸார் சுட்டதில் பிக்கு ஒருவர் இறந்தார். அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அந்த நெருக்கடியிலும் டட்லி பின்வாங்கவில்லை. அவரை வாக்குத் தவறியவர் என்ற ஒற்றை வரியில் அடக்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

1968 ஜூனில் மாவட்ட சபைகள் பற்றிய வெள்ளை அறிக்கை வெளியானபோது நிலைமை மாறியிருந்தது. மத்திய அரசின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்ட சபைகளையே அது முன்மொழிந்தது. அந்த அளவான அதிகாரப் பகிர்வைக்கூட எதிர்க்கட்சிகள் நாட்டைப் பிரிக்கும் முயற்சி என்றன. ஆளுங்கட்சியின் பின்வரிசையினரும் முரண்டினர். பிரதமர் திட்டத்தைக் கைவிட்டார். எந்த வேலைக்காக ஒருவர் அமைச்சராக்கப்பட்டாரோ, அந்த வேலை அன்றோடு இல்லாமற்போயிற்று.

கோணேஸ்வரம் அதற்குப் பின்னர் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த அக்கோயில், பிரட்றிக் கோட்டைக்குள் மீளக் கட்டப்பட்டு 1963இல் குடமுழுக்குக் கண்டது. அதன் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் குழுவொன்றை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்ததும், அமைச்சரைக் கலந்தாலோசிக்காமலே பிரதமர் குழுவின் பணியை நிறுத்தினார். திருச்செல்வம் விலகினார், கட்சியும் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது.

மாவட்ட சபைகளுக்காக ஜூனிலேயே விலகியிருக்க வேண்டியவர் கோயிலுக்காக விலகியது சரியா என்ற கேள்வி எழும். ஜூனில் விலகியிருந்தால் அது அரசியல் நேர்மைக்குச் சான்றாகியிருக்கும் என்பது உண்மை. ஆனால் செப்டெம்பரில் நடந்தது வேறுவகையானது. திட்டம் கைவிடப்பட்டது அரசாங்கத்தின் கொள்கை முடிவு. குழு நிறுத்தப்பட்டதோ ஓர் அமைச்சர் தம் அமைச்சுக்குள் எடுத்த நடவடிக்கையை அவருக்குத் தெரியாமலே இரத்துச் செய்தது. ஆராய்வதற்குக்கூட உரிமையில்லை என்ற பின் பதவியில் அமர்ந்திருப்பது அவமானம் என்று அந்தச் சட்டவாணர் கண்டார்.

இது தனிமனித நிகழ்வன்று. வர்த்தக அமைச்சர் செ. சுந்தரலிங்கம் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமை மசோதாவை ஒட்டி 1948 டிசம்பரில் பதவி நீங்கினார். கைத்தொழில் அமைச்சர் ஜி. ஜி. பொன்னம்பலம், சேர் ஜோன் கொத்தலாவலை பிரதமரான 1953இல் பதவியிழந்தார். கொள்கையாலும் குணத்தாலும் வேறுபட்ட மூவர். ஆனால் மூவரது அதிகாரமும் பிரதமரின் விருப்பத்திலேயே தங்கியிருந்தது. ஆட்சி அமையும் நாளில் உச்சத்திலிருக்கும் பேரம்பேசும் வலிமை, பின்னர் நாளுக்கு நாள் தேய்ந்தது. வலிமை இருந்தபோதே உடன்பாட்டைச் சட்டமாக்கக் காலக்கெடு விதிக்காதது 1965இன் பெருங்குறை. அதற்கான பொறுப்பில் தமிழரசுக் கட்சிக்கும் பங்குண்டு.

திருச்செல்வம் 1976இல் காலமானார். அவ்வாண்டு தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கம் முதலியோருக்கு எதிராக நீதிபதிகள் குழுவின் முன் நடந்த ‘ட்ரயல் அட் பார்’ வழக்கில், அவரும் பொன்னம்பலமும் எதிரிகளின் தரப்பில் ஒன்றாக நின்று வாதாடினர். ஒருகாலத்தில் எதிரெதிர் முகாம்களில் நின்ற இரு முன்னாள் அமைச்சர்களும் இறுதியில் நீதிமன்றத்தையே நாடவேண்டியிருந்தது. தந்தைக்குக் கிட்டாத காப்பை மகன் நீலன் திருச்செல்வம் யாப்பின் வாசகத்திலேயே தேடினார். 1995இல் முன்வைக்கப்பட்ட அதிகாரப் பகிர்வு யோசனைகளின் ஆக்கத்தில் அவருக்கு முக்கிய பங்கிருந்தது. 1999 ஜூலை 29 அன்று நீலன் கொழும்பில் கொல்லப்பட்டார். அமைச்சுப் பதவிகளைக் காட்டித் தமிழ்க் கட்சிகளை அழைக்கும் ஒவ்வோர் அரசாங்கத்திடமும் முதலில் கேட்கவேண்டியது இதுவே: இந்த அதிகாரம் எந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அதை மீளப்பெற யாருக்கு உரிமை உண்டு?